ஒரு கப் கிரானோலாவும் இரண்டு ஆஸ்பத்திரிகளும்

யாழினியின் விளையாட்டுப் பள்ளி அம்மாக்கள் குழுவில் நான் போட்ட படம், எவர்சில்வர் தட்டில் ஆறவைத்த கிரானோலா. நாலைந்து பேர் செய்முறை கேட்டார்கள். மறுநாள் எழுதலாம் என்று இருந்தேன். மறுநாள் நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். செய்முறை கேட்டவர்களே பிறகு வேறு கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். பாதாமா, ஓட்ஸா, எந்தக் கம்பெனி பாக்கெட், பிள்ளைக்கு முன்னாடியே ஏதாவது இருந்ததா? ஒவ்வொருவருக்கும் ஒரு விதமாகச் சொல்லிவிட்டு, சொன்னது சரிதானா என்று ராத்திரி யோசித்துக்கொண்டு கிடந்தேன். அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. எங்கள் பிள்ளைக்கு நடந்தது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

நாங்கள் இருப்பது அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே போகிற ஒரு தெரு. கீழ் வீட்டில் என் கணவரின் அண்ணன் குடும்பம். மாடியில் நாங்கள். அண்ணன் மனைவி மல்லிகா எனக்கு ஓர்ப்படி. அக்கா என்று கூப்பிடுவேன். சமையல் தனித்தனி. ஆனால் அவர்கள் மாடு வைத்திருப்பதால் பால், தயிர், நெய் எல்லாம் கீழிருந்துதான். நெய் ஜாடி அவர்கள் சமையலறை அலமாரியில் இருக்கும். வேண்டும்போது கிண்ணத்தோடு இறங்கிப் போய் எடுத்துக்கொள்வேன்.

யாழினிக்கு இரண்டரை வயது. தடுப்பூசிக்குப் போனபோது எடை கம்மி என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு. இட்லி இரண்டு வாய், சாதம் மூன்று வாய், அதற்குமேல் உதட்டை மூடிக்கொள்வாள். கல்யாணமான புதிதில் செங்கம் ரோட்டில் ஒரு விருந்தினர் விடுதியில் கணக்கு எழுதினேன். அங்கே காலையில் தயிர்மேல் கிரானோலா தூவித் தருவார்கள். பெயர்தான் பெரிது. ஓட்ஸையும் பருப்புகளையும் கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் கொழுப்பு சேர்த்து மொறுமொறுவென்று வறுத்தால் கிரானோலா. சத்தாக இருக்கும், மெல்லவும் வேலை இருக்கும், பிடித்தாலும் பிடிக்கும் என்று தோன்றியது. பிடிக்காவிட்டால் வீணாகக் கூடாது என்று ஒரே ஒரு கப் ஓட்ஸ்தான் எடுத்தேன்.

எங்களிடம் ஓவன் கிடையாது. அடி கனத்த இரும்புச் சட்டியில் நெய் விட்டு, தீயைக் குறைத்து வறுத்தேன். ஓட்ஸ் வாசனை வந்ததும் தேங்காய்த் துருவல், எள், வேர்க்கடலை, பாதாம். பருப்பு மூச்சுக்குழாயில் சிக்கிவிடும் என்று எங்கோ படித்திருந்தேன். அந்தப் பயத்தில் கடலையையும் பாதாமையும் மிக்ஸியில் ரவையாகப் பொடித்துவிட்டேன். உலர் திராட்சையைக்கூடக் கத்தரிக்கோலால் நறுக்கினேன். வெல்லப் பாகை ஊற்றிக் கிளறித் தட்டில் பரப்பி ஆறவிட்டு, உதிர்த்தேன். எள்ளும் கடலையும் தேங்காயும் அவள் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறாள். ஓட்ஸும் பாதாமும் மட்டும் புதிது. நான் எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அன்று பௌர்ணமி. மதியத்துக்குமேல் பாதையில் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. என் கணவர் சரவணன் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு லாட்ஜில் வரவேற்பில் இருக்கிறார். பௌர்ணமியன்று அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. நான் தயிரில் இரண்டு ஸ்பூன் கிரானோலா போட்டு யாழினிக்குக் கொடுத்தேன். ஆசையாகத்தான் மூன்று வாய் வாங்கினாள். நாலாவது வாய்க்கு நாக்கை வெளியே நீட்டி விரலால் தேய்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். துடைத்துவிட்டுச் சட்டையைக் கழற்றினால், கழுத்து, முதுகு, தொடை எல்லாம் சிவந்து தடித்திருந்தது. உதடு வீங்கிக்கொண்டே போனது. அழுகிறாள், ஆனால் குரல் வரவில்லை. விசில் மாதிரி ஒரு சத்தம் மட்டும்.

நான் போட்ட சத்தத்தில் மல்லிகா அக்கா மேலே ஓடி வந்தாள். பார்த்ததும், "சாவி எடுத்துனு வரேன், நீ எறங்கு" என்றாள். ஆட்டோ எதுவும் அன்று உள்ளே வராது. அவள் பால் ஊற்றப் போகிற மொபெட்டில் நான் பின்னால் யாழினியை மார்போடு அணைத்து உட்கார்ந்தேன். பாதை முழுக்க வெறுங்காலோடு ஜனங்கள். மல்லிகா அக்கா ஹாரனில் இருந்து கையை எடுக்கவே இல்லை.

"நவுருங்க, நவுருங்க, கொழந்திக்கு மூச்சு உட முடியல. ஐயா, சாமி கும்பிட்டது போதும், கொஞ்சம் ஒதுங்கு."

ஒரு போலீஸ்காரர் கையை நீட்டி மறித்தார். அவள் வண்டியை நிறுத்தாமல் தலையைப் பின்பக்கம் சாய்த்துக் காட்டினாள். யாழினியின் முகத்தைப் பார்த்ததும் அவரே முன்னால் ஓடி வழிவிடச் சொல்லிக்கொண்டு போனார். என் கவனம் முழுக்க அந்த விசில் சத்தத்தில்தான். அது நின்றால் நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

டவுனில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரி. உள்ளே போனதும் டாக்டர் எதுவும் கேட்காமல் தொடையில் ஒரு ஊசி போட்டார். அட்ரினலின். அதன்பிறகு மூக்கில் ஆக்சிஜன், முகத்தில் புகை போல மருந்து வருகிற மூடி. அந்த ஊசிதான் முதல் மருந்து, மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் என்று அவர் பிற்பாடு சொன்னார். கொஞ்ச நேரத்தில் யாழினி சத்தமாக அழுதாள். அவள் அழுவதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

"என்ன சாப்பிட்டா?" என்று டாக்டர் கேட்டார்.

"கிரானோலா, மேடம்."

பக்கத்தில் நின்ற நர்ஸ், "அது இன்னா மேடம், மாத்திரையா?" என்றாள்.

ஒவ்வொரு பொருளாகச் சொன்னேன். டாக்டர் பாதாம் என்றதும் தலையசைத்தார். அவர் விளக்கியது எனக்குப் புரிந்தவரை இதுதான். நம் உடம்புக்குள் காவல்காரர்கள் மாதிரி ஒரு ஏற்பாடு இருக்கிறது. சிலருக்கு அது சாதாரண உணவைக் கிருமி என்று தப்பாக நினைத்து, உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் சண்டையைக் கிளப்பிவிடும். தோல் தடிக்கும், தொண்டை வீங்கும், ரத்த அழுத்தம் இறங்கும். இதற்கு அனஃபிலாக்சிஸ் என்று பெயர். அடங்கின பிறகும் சிலருக்கு இரண்டாவது தடவை வரும் என்பதால் வார்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

சரவணன் லாட்ஜ் சட்டையோடு வந்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. யாழினியின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தார், பிறகு எனக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். பில் வந்தபோதெல்லாம் அதை மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எவ்வளவு என்று கேட்டால், "அத நான் பாத்துக்கறேன், நீ இவளப் பாரு" என்பார். போனில் உறவினர்கள் எல்லோரும் ஒரே கேள்வி. இட்லி தோசை இருக்கும்போது எதற்கு இதெல்லாம்? அதையேதான் நானும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தடிப்பெல்லாம் வடிந்து யாழினி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, கையில் ஒட்டியிருந்த ஊசிக் குழாயைப் பொம்மைக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அனுப்பிவிடலாம் என்றார்கள். மல்லிகா அக்கா வீட்டிலிருந்து இட்லி கொண்டு வந்தாள். டாக்டர் இட்லி கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தார். அக்காவே மடியில் வைத்து, நெய்யும் சர்க்கரையும் தொட்டு ஊட்டினாள். யாழினி இரண்டு வாய் வாங்கிவிட்டு நாக்கைத் தேய்த்தாள்.

அதைப் பார்த்த உடனே நான் நர்ஸைக் கூப்பிட்டேன். அவள் வருவதற்குள் கழுத்தில் தடிப்பு. மறுபடியும் ஊசி, மறுபடியும் அந்த மூடி. பணியில் இருந்த இளம் டாக்டர், "நாங்க சொன்னோமில்ல, ரெண்டாவது தடவ வரும்னு. அதுதான் இது. பயப்படாதீங்க" என்றார். எல்லோருக்கும் நிம்மதி. மல்லிகா அக்கா கையிலிருந்த திருநீற்றைப் பிள்ளையின் நெற்றியில் வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தாள்.

எனக்கு மட்டும் நிம்மதி இல்லை. இரண்டாவது தடவை தானாக வருகிறது என்றால், ஏன் சரியாக அந்த இரண்டாவது வாயில் வர வேண்டும்? ஏன் அதே மாதிரி நாக்கைத் தேய்த்தாள்? இட்லியில் பாதாமும் இல்லை, ஓட்ஸும் இல்லை. டாக்டரிடம் கேட்கலாமா என்று எழுந்திருப்பேன். அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரியும் என்று உட்கார்ந்துவிடுவேன். கிரானோலாவில் இருந்தது, இட்லியிலும் இருந்தது. இப்படி விரல்விட்டுப் பார்த்தால் ஒரே ஒரு பொருள்தான் மிஞ்சியது. நெய். ஆனால் அவள் பாலும் தயிருமாக வளர்ந்தவள். நெய் எப்படி ஆகாமல் போகும்?

வெளியே பெஞ்சில் இருந்த மல்லிகா அக்காவிடம் போனேன்.

"அக்கா, இட்லிக்கு என்ன போட்டீங்க?"

"இன்னா போடுவாங்க? சக்கர, நெய்யி. அவளுக்குப் புடிக்குமேன்னு."

"நெய் எதுலேந்து எடுத்தீங்க?"

"ஜாடிலேந்துதான். வேற எதுலேந்து எடுப்பாங்க?" அவள் குரல் மாறியது. "இன்னாத்துக்குக் கேக்குற கவிதா? என் நெய்யில நான் வெசம் கலந்து வெச்சிருக்கேனா?"

"அதுக்கு இல்லக்கா. நெய்யில வேற ஏதாவது பட்டுச்சா? எண்ணெ, மாவு, ஏதாவது?"

"ஒண்ணும் படல. சுத்தமா வெச்சிருக்கேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எம் பெரிய பையன் பொறந்தநாளுக்குப் பாயாசம் வெச்சேன் இல்ல. முந்திரி வறுத்த நெய்யி மீந்துச்சு. அத ஜாடிலயே ஊத்தினேன். அது எல்லாரும் செய்றதுதான? நெய்ய யாராவது கீழ கொட்டுவாங்களா?"

யாரும் கொட்ட மாட்டார்கள். என் அம்மா வீட்டிலும் அப்படித்தான், நானும் அப்படித்தான் செய்வேன். கிரானோலாவுக்கு ஜாடியின் அடியிலிருந்து வழித்து எடுத்தபோது பழுப்பாகக் கொஞ்சம் துகள் வந்தது. வெண்ணெய் காய்ச்சிய கசடு என்று நினைத்து, அதில்தான் வாசனை என்று சேர்த்து வறுத்தேன்.

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பாயாசம் வைத்த அன்று யாழினி ஒரு வாய் வாங்கித் துப்பினாள். கோயிலில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒருமுறை வாயைச் சுற்றிச் சிவந்திருந்தது, வேர்க்குரு என்று பவுடர் போட்டேன். அடம் பிடிக்கிறாள் என்று எத்தனை முறை கன்னத்தை அழுத்திப் பிடித்து ஊட்டியிருக்கிறேன்.

"முந்திரியாக்கா இருக்கும்" என்றேன்.

மல்லிகா அக்கா தன் கைகளைப் பார்த்தாள். "நேத்து நீ செஞ்சது உன் கையால. இன்னிக்கு என் கையாலயே குடுத்தனே" என்றாள்.

முதல் நாள் ஊசி போட்ட பெரிய டாக்டர் வந்ததும் தயங்காமல் சொல்லிவிட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். "இது இருக்கலாம். ஆனா நாம நினைக்கறத டெஸ்ட் சொல்லணும். அதுவரைக்கும் முந்திரி, பாதாம், கடலை மாதிரி எந்தப் பருப்பும் வேண்டாம், எள்ளும் வேண்டாம்" என்றார். வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு தடவை இவ்வளவு பெரிதாக வந்த பிறகு உடனே பரிசோதித்தால் சரியாகக் காட்டாதாம், சில வாரங்கள் போக வேண்டுமாம். வீட்டில் வைத்துக்கொள்ள அட்ரினலின் ஊசி மருந்தும் கொடுத்து, எவ்வளவு ஏற்ற வேண்டும், தொடையில் எங்கே குத்த வேண்டும் என்று காட்டினார். வீட்டுக்கு வந்து நானும் சரவணனும் சாத்துக்குடியில் வெறும் தண்ணீரைக் குத்திப் பழகினோம்.

அந்த வாரங்கள்தான் ஆஸ்பத்திரியைவிடக் கஷ்டமாக இருந்தன. அங்கே மணி அடித்தால் நர்ஸ் வருவாள். வீட்டில் நான் மட்டும். சாதம், தயிர், கீரை, உருளைக்கிழங்கு. ஒவ்வொரு வாய்க்கும் பிறகு கழுத்தைத் தூக்கிப் பார்ப்பேன். மிக்ஸி ஜாரை மாற்றினேன், சட்டியை மாற்றினேன். பால் பாக்கெட் வாங்கலாமா என்றுகூட யோசித்தேன். சரவணன், "மாடு முந்திரி திங்கறதில்ல கவிதா" என்றார். சிரித்துவிட்டு, அப்புறம் மாட்டுக்கு என்ன வைக்கிறார்கள் என்று மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

மல்லிகா அக்கா மேலே வருவதை நிறுத்திவிட்டாள். பால் சொம்பைப் படியில் வைத்துவிட்டுப் போவாள். யாழினி "பெரிம்மா" என்று கத்தினால் கீழிருந்தே கையாட்டுவாள். ஒருநாள் நான் இறங்கிப் போய், "ஏன்க்கா வரமாட்டேங்கறீங்க" என்றேன்.

"வேணாம் கவிதா. என் கையில இன்னா ஒட்டினிருக்குதோ. நீ படிச்சவ, நீ பாத்துக்குவ."

அப்படி இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவள் வராமல் இருப்பது எனக்கும் ஒரு வகையில் வசதியாக இருந்தது. ஒரு கை கம்மி, ஒரு பயம் கம்மி. அதனால் படியேறிவிட்டேன்.

வேலூரில் செய்தது தோலில் குத்திப் பார்க்கிற பரிசோதனை. முன்கையில் பேனாவால் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு உணவின் சாறு ஒரு சொட்டு. அதன்மேல் லேசாக ஒரு குத்து. ஆகாத பொருளுக்கு மட்டும் கொசு கடித்த மாதிரி தடிக்கும். யாழினியை மடியில் வைத்து, கையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு நானும் சரவணனும் அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். முந்திரி தடித்தது. அதற்குச் சொந்தம் என்று சொல்லும் பிஸ்தாவும் தடித்தது. எள், கடலை, ஓட்ஸ் எதுவும் தடிக்கவில்லை. பாதாமும் இல்லை.

அங்கிருந்த டாக்டர் நிதானமானவர். "முந்திரியும் பிஸ்தாவும் வேண்டவே வேண்டாம். மத்ததெல்லாம் குடுக்கலாம்னு தோல் சொல்லுது. பாதாமும் ஓட்ஸும் மட்டும் அவ சாப்பிட்டதே அன்னிக்குத்தான், இல்லையா? அதனால ரெண்டையும் எங்க கண்ணு முன்னாடி குடுத்துப் பாத்துடலாம். அன்னிக்கு செஞ்சதையே கொஞ்சமா செஞ்சு எடுத்துட்டு வாங்க."

"அதையேவா, சார்?"

"அதையேதான். இல்லன்னா வாழ்நாள் முழுக்க அதப் பாத்தாலே பயப்படுவீங்க."

போகிற நாளுக்கு முந்தின நாள் காலையில் ஒரு கப் ஓட்ஸை அளந்து வைத்துவிட்டு நின்றேன். கடையில் வாங்கிய நெய் பாக்கெட் கையில் இருந்தது. படியில் பால் சொம்புக்குப் பக்கத்தில், மூடியில் துணி கட்டிய ஒரு புதுக் கண்ணாடி பாட்டில். கீழே மல்லிகா அக்கா தலையைத் தூக்காமல் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள்.

"புதுச் சட்டில காச்சினேன். காச்சி நேரா இதுலதான் ஊத்தினேன், கரண்டிகூட உள்ள போவல. வேணாம்னா வேணாம், வெளக்கேத்த எடுத்துக்க."

பாட்டிலையும் பாக்கெட்டையும் அடுப்புமேடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். தெரிந்த கம்பெனி பாக்கெட். ஆனால் அதன் பின்பக்கத்தைப் படித்தால் அது எந்த இடத்தில் எதோடு நிரப்பப்பட்டது என்று ஒன்றும் இல்லை. பாட்டிலுக்கு ஒரு ஆள் பதில் சொல்லியிருக்கிறாள். துணியை அவிழ்த்தேன். தெளிவாக, அடியில் எதுவும் இல்லாமல் இருந்தது. அதைத்தான் ஊற்றினேன். வறுத்து முடித்து டப்பாவில் போட்ட பிறகு இறங்கிப் போய், "அக்கா, நாளைக்கு வேலூருக்கு நீங்களும் வாங்க" என்றேன். அவள் மாட்டை விட்டுவிட்டு எங்கேயும் போக முடியாது என்று ஏதேதோ சொன்னாள். மறுநாள் விடியும்போது புடவை மாற்றிக்கொண்டு பஸ் ஏறத் தயாராக நின்றாள்.

வார்டில் யாழினிக்கு விரலில் சிவப்பு வெளிச்சம் எரிகிற ஒரு கிளிப் மாட்டினார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அது காட்டும். பக்கத்துத் தட்டில் ஊசி தயாராக இருந்தது. முதலில் உதட்டில் தொட்டு வைப்பது, பிறகு ஒரு சிட்டிகை, பிறகு கால் ஸ்பூன், அரை, கடைசியில் முழு ஸ்பூன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் காத்திருக்க வேண்டும்.

நான் விரல் நுனியில் எடுத்து நீட்டினேன். யாழினி உதட்டை இறுக்க மூடிக்கொண்டாள். கெஞ்சினேன், பாட்டுப் பாடினேன். அவள் என் கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாள்.

"யாராவது குடுங்கம்மா, டாக்டர் அடுத்த வார்டுக்குப் போய்டுவாரு" என்றார் நர்ஸ்.

கட்டிலின் கால்மாட்டில் மல்லிகா அக்கா கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நீங்க குடுங்க."

"நானா? வேணாம் கவிதா. நீதான் பெத்தவ. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?"

"ஆனா டாக்டர் இருக்காரு. நீங்க குடுங்க."

அவள் எழுந்து போய்க் கையைக் கழுவினாள். சோப்பு போட்டு, நகத்துக்குள் தேய்த்து, துடைக்காமல் உதறிக் காயவிட்டு, மறுபடியும் போய்க் கழுவினாள். நர்ஸ், "ஆபரேஷனுக்கா போற?" என்றார். பிறகு வந்து யாழினியின் எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னாடி, பெரிம்மா மேல கோவமா?"

யாழினி வாயைத் திறந்தாள்.

உதட்டில் ஒரு துகள். காத்திருந்தோம். ஒரு சிட்டிகை. காத்திருந்தோம். கால் ஸ்பூனுக்குப் பிறகு யாழினி கன்னத்தைச் சொறிந்தாள். நான் எழுந்துவிட்டேன். அது தலைமுடி பட்டு அரித்தது. அரை ஸ்பூன். மல்லிகா அக்கா யாழினியின் கழுத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. முழு ஸ்பூனை ஊட்டிவிட்டு, ஸ்பூனைத் தட்டில் வைத்துவிட்டுத் தன் கைகளைத் திரும்பவும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அதன் பிறகு காத்திருந்ததுதான் நீளம். யாழினி கட்டிலின் கம்பியை எண்ணினாள், தப்பாக எண்ணினாள், ஜன்னலில் புறாவைப் பார்த்தாள், தூங்கினாள், எழுந்தாள்.

நர்ஸ் வந்து விரலிலிருந்து கிளிப்பைக் கழற்றினார். "ஒண்ணும் இல்ல. கூட்டிட்டுப் போங்க." டாக்டர் காகிதத்தில் பாதாம், ஓட்ஸ் என்று எழுதி, கொடுக்கலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். சரவணன் பில் கட்டக் கீழே இறங்கினார்.

மல்லிகா அக்கா டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு மென்றாள். "இதுக்கா இவ்ளோ கூத்து? மாட்டுக்கு வெக்கிற தவிடு தேவல."

யாழினி அவள் மடியில் ஏறி, டப்பாவின் மூடியைத் தானே திறந்து, உள்ளே கைவிடப் போனாள். மல்லிகா அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பக்கத்தில் டாக்டர் இல்லை. தட்டிலிருந்த ஊசியை நர்ஸ் எடுத்துப் போய்விட்டார்.

"குடுக்கட்டா?" என்றாள்.

"குடுங்கக்கா" என்றேன்.